சேல்ஸ்மேன் டூ எம்.பி.: 'வசந்த் அண்ட் கோ' வசந்தகுமாரின் அரசியல் கணக்கு

நெய்வேலி: போனஸ் வந்தால் டிவி, கிரைண்டர், வாஷிங் மெஷின். கையில் மொத்தக் காசு இல்லையா, இருக்கவே இருக்கு தவணை. டவுன்ஷிப் குடும்பங்களுக்கு இது பழக்கப்பட்ட கணக்கு. இந்தத் தவணை வியாபாரத்தில் வளர்ந்து, விளம்பரத்தில் தானே சிரித்தபடி வந்தவர்தான் எச்.வசந்தகுமார்.

குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் 1950-ல் பிறந்தவர். காங்கிரஸ் தலைவர் குமரி அனந்தனின் தம்பி. ஆனால் ஆரம்பம் அரசியல் இல்லை. சென்னை வி.ஜி.பி. நிறுவனத்தில் சேல்ஸ்மேன் வேலை. 1978-ல் சொந்தக் கடை போட்டார். அது தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா என்று கிளை விட்டது. 2008-ல் வசந்த் டிவியும் வந்தது.

2006-ல் நாங்குநேரியில் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஆனார். 2011-ல் அதே தொகுதியில் எர்ணாவூர் நாராயணனிடம் தோல்வி. 2014-ல் கன்னியாகுமரி எம்.பி. தொகுதியில் பொன்.ராதாகிருஷ்ணனிடமும் தோல்விதான். ஆனாலும் அந்தத் தேர்தல்தான் இவர் யார் என்று காட்டியது. கூட்டணி இல்லாமல் தனித்து நின்ற காங்கிரசுக்கு தமிழ்நாடு முழுக்க டெபாசிட் காலி. டெபாசிட் தப்பிய ஒரே வேட்பாளர் வசந்தகுமார்! இரண்டு தடவை அடி வாங்கினால் வியாபாரிகள் பலரும் கல்லாப்பெட்டிக்கே திரும்பிவிடுவார்கள். இவர் திரும்பவில்லை.

2016-ல் மறுபடி நாங்குநேரி கைகொடுத்தது. 2019-ல் ரூ.417 கோடி சொத்துக் கணக்கு காட்டி கன்னியாகுமரியில் நின்றார். பொன்.ராதாகிருஷ்ணனை 2.59 லட்சம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் வீழ்த்தி பழைய பாக்கியைத் தீர்த்தார். அதே தேர்தலில் தூத்துக்குடியில் பா.ஜ.க. சார்பில் நின்ற அண்ணன் மகள் தமிழிசை தோற்றுப்போனார்.

எம்.பி. ஆனதும் எம்.எல்.ஏ. பதவியை விட்டார். நாங்குநேரி மக்கள் மூணே வருஷத்தில் மறுபடி ஓட்டுச்சாவடிக்குப் போக வேண்டியதாச்சு. 2019 அக்டோபர் இடைத்தேர்தல் அன்று தொகுதிக்குள் வந்ததாக வசந்தகுமாரையே போலீசார் பிடித்துச் சென்றனர். சீட்டும் அ.தி.மு.க.வுக்குப் போனது. காங்கிரசுக்கு இது தேவையில்லாத நஷ்டம்.

எம்.பி.யாக முழுசாக ஒன்றரை வருஷம்கூட இல்லை. கொரோனா பாதித்து சென்னை ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்ற வசந்தகுமார், 2020 ஆகஸ்ட் 28-ல் இறந்தார். வயது 70. சொந்த ஊரான அகஸ்தீஸ்வரத்தில் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

2021 இடைத்தேர்தலில் அவரது மகனும், 'சென்னை 600028' படத்தில் நடித்தவருமான விஜய் வசந்த் அதே பொன்.ராதாகிருஷ்ணனைத் தோற்கடித்தார். 2024-லும் அதே இருவர் மோதல், அதே முடிவு.