மோனசைட் கடற்கரை மக்களின் பரம்பரைநல ஆய்வுகள்

கேரளத்தின் சவறை, நீண்டகரை, கருநாகப்பள்ளி கடற்கரையிலும் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தோரியம் கலந்த மணல்மேல் குடியிருக்கிறார்கள். பெற்றோர்மீது பட்ட கதிர்வீச்சு பிள்ளைகளைப் பாதிக்குமா என்ற கேள்விக்கு, அணுகுண்டோ அணுவுலை விபத்தோ இல்லாமலே விடை தேட வாய்த்த இடங்களுள் இதுவும் ஒன்று.

1909இல் திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் தோரியம் அடங்கிய மோனசைட் கனிமத்தைக் கண்டார். அன்று அது வாயுவிளக்கு மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. கருமணலுக்குள் மஞ்சள் பழுப்பு மணிகளாகக் கிடக்கும் இது, அலை ஒதுக்கும் இடத்தில் குவியும். அதனால் ஒரே ஊரிலும் வீட்டுக்கு வீடு கதிர்வீச்சு மாறுபடும்: ஆண்டுக்கு 1 மில்லிகிரேக்குக் கீழிருந்து 45 மில்லிகிரே வரை. ஒரே உணவு, ஒரே தொழில், வெவ்வேறு அளவு கதிர்வீச்சு; ஆய்வாளருக்கு இதைவிட வசதி வேறில்லை.

இப்பகுதியில் டவுன் நோய்க்குறி மிகுதி என்று 1976இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. ஒப்பீட்டுக்கு எடுத்த ஊர்களில் அக்குறையுள்ள ஒருவர்கூட இல்லாததே இயல்புக்கு மாறானது என்றனர் மறுத்தவர்கள். மறுப்பில் வலு இருந்தது. பின்னர் 1995 முதல் 2011 வரை பிறந்த 1,41,540 குழந்தைகளைப் பரிசோதித்ததில், இறந்து பிறப்பதோ பிறவிக் குறைகளோ கதிர்வீச்சோடு சேர்ந்து கூடவில்லை. கருநாகப்பள்ளியில் சுமார் 70,000 பேரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்விலும் புற்றுநோய் மிகுதியாகத் தெரியவில்லை.

ஆனால் 2002இல், 248 குடும்பங்களைச் சேர்ந்த 988 பேரின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை ஆராய்ந்தவர்கள், கதிர்வீச்சு மிகுந்த பகுதிக் குடும்பங்களில் தாய்வழி இறங்கும் திடீர்மாற்றங்கள் அதிகம் என்று கண்டனர். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. டிஎன்ஏவில் ஓர் எழுத்து மாறியதாலேயே நோய் வந்துவிடுவதில்லை.

ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களுக்குப் பின்னர் பிறந்த பிள்ளைகளிடமும் பரம்பரைப் பாதிப்பு தெளிவாகத் தென்படவில்லை. குண்டு விழுந்தபோது கருவிலிருந்த குழந்தைகள் சிலர் சிறுத்த தலையோடும் அறிவுக் குறைபாட்டோடும் பிறந்ததை இதோடு குழப்புவோர் உண்டு. அது அக்குழந்தை நேராகவே பெற்ற பாதிப்பு, மரபுவழி வந்ததன்று. செர்னோபில் அணுவுலை விபத்தின் துப்புரவுப் பணியாளர் முதலியோரின் பிள்ளைகளிடம் புதிய திடீர்மாற்றங்கள் கூடவில்லை என 2021இல் அறியப்பட்டது. எனினும் பழ ஈக்களிலும் சுண்டெலிகளிலும் பரம்பரை விளைவு ஐயமின்றித் தெரிந்திருப்பதால், கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் மனிதருக்கும் அந்த அபாயம் உண்டென்றே வைத்துக் கணக்கிடுகின்றன.