முன்னிலையில் ஒரு நாவல்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நம்மை நோக்கி அடிக்கடி எழுப்பப்படும் கேள்வி ஒன்று உண்டு. "உங்களுக்கு எந்த ஊர்?" என்பதே அது. பெரியவர்கள் தயங்காமல் விடை கூறுகிறோம். நம் பிள்ளைகளோ ஒரு கணம் நின்று, நம் முகத்தைப் பார்த்த பின்னரே வாய் திறக்கின்றனர். அந்த ஒரு கணத் தயக்கத்தைச் சிறிதென்று தள்ளிவிட இயலாது. 'நான் யார்?' என்னும் பெரிய வினா அதனுள் அடங்கிக் கிடக்கிறது. அவ்வினாவையே பொருளாகக் கொண்டு, தன்மையிலும் படர்க்கையிலும் கூறாமல், முழுவதும் முன்னிலையிலேயே கூறப்பட்ட நாவல் ஒன்றின் வரலாற்றை இவ்வாண்டு மலரில் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நாவலின் பெயர் 'அவுரா'. எழுதியவர் மெக்சிகோ நாட்டின் கார்லோஸ் ஃபுவெண்டஸ். ஸ்பானிய மொழியில் 1962ஆம் ஆண்டில் வெளிவந்தது. அளவில் மிகச் சிறியது; ஓர் இரவில் படித்து முடித்துவிடலாம். ஆயின், படித்தபின் எளிதில் உறக்கம் வாராது.

கதைத்தலைவன் ஃபெலிப்பே மொந்தேரோ என்னும் இருபத்தேழு வயது இளைஞன். வரலாறு கற்றவன், பாரிசில் பயின்று பிரெஞ்சு மொழியும் அறிந்தவன். இப்போது சிறு ஊதியத்திற்குப் பள்ளி ஆசிரியனாக உழல்கிறான். அமெரிக்கக் கண்டத்தை ஸ்பானியர் கண்டதும் வென்றதும் பற்றிய பெருநூல் ஒன்றை எழுத வேண்டும் என்பது அவனது கனவு. ஒருநாள் செய்தித்தாளில் ஒரு விளம்பரத்தைக் காண்கிறான். பிரெஞ்சு அறிந்த இளம் வரலாற்றறிஞன் தேவை என்கிறது அது. தன்னையே எண்ணி எழுதப்பட்டது போல் அவனுக்குத் தோன்றுகிறது. மறுநாளும் அவ்விளம்பரம் வருகிறது. ஊதியம் 4,000 பெசோவாக உயர்ந்திருக்கிறது. அவன் புறப்படுகிறான்.

தோன்செலஸ் தெருவில் 815ஆம் எண்ணுள்ள வீடு. மெக்சிகோ மாநகரின் பழம்பகுதியில் உள்ள அத்தெருவில் கதவிலக்கங்கள் மீண்டும் மீண்டும் மாற்றப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன. அடையாளம் அழிதலின் முதற்குறிப்பு இதுவே. இருள் சூழ்ந்த அவ்வீட்டில் கொன்சுவேலோ என்னும் மூதாட்டி வாழ்கிறார். அவருடன் அவுரா என்னும் பச்சைக் கண்ணழகி இருக்கிறாள். மூதாட்டியின் உடன்பிறந்தார் மகள் என்று சொல்லப்படுகிறாள். மறைந்த கணவரான படைத்தலைவர் லொரெந்தே எழுதிய நினைவுக் குறிப்புகளைச் செம்மைப்படுத்தித் தருவதே இளைஞனின் பணி. அவ்வீட்டிலேயே தங்க வேண்டும். இறந்தவரின் நடையிலேயே எழுதப் பழகவும் வேண்டும்.

அவன் பழகுகிறான். அவுராவின்மீது காதலும் கொள்கிறான். இறுதியில் பழைய நிழற்படங்கள் அவன் கைக்கு வருகின்றன. இளமைக்காலக் கொன்சுவேலோவின் முகம் அவுராவின் முகமாகவே இருக்கிறது. படைத்தலைவரின் தாடியைக் கையால் மறைத்துப் பார்க்கிறான். எஞ்சிய முகம் அவனுடையது! பிறருடைய நினைவுகளைச் செப்பனிட வந்தவன், தன் பெயரையும் வாழ்வையும் இழந்து அப்பிறராகவே ஆகிவிடுகிறான்.

இது வெறும் பேய்க்கதை அன்று. இதன் பின்னே ஒரு நாட்டின் வரலாறு நிற்கிறது. 1861இல் மெக்சிகோவின் குடியரசுத் தலைவர் ஹுவாரெஸ் அயல்நாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைத்தார். அதனைக் காரணமாகக் காட்டிப் பிரான்சு, பிரிட்டன், ஸ்பெயின் ஆகிய மூன்றும் படை அனுப்பின. பின்னைய இரண்டும் 1862இலேயே விலகிக்கொண்டன. பிரெஞ்சுப் படை மட்டும் தங்கியது. 1864இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன் மெக்சிகோவின் பேரரசராக அமர்த்தப்பட்டார். பிரெஞ்சுப் படை திரும்பியபின் அவ்வரசு நிலைக்கவில்லை. 1867ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் கெரெத்தாரோ நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உதவி வேண்டி முந்திய ஆண்டே ஐரோப்பா சென்ற அவர் மனைவி கார்லோத்தா அறிவு திரிந்து, 1927 வரை, கணவர் இறந்தபின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், உயிர் வாழ்ந்தார். நாவலின் லொரெந்தே அப்பேரரசரின் பக்கம் நின்று, பின் பாரிசில் அடைக்கலம் புகுந்தவர். அவர் 1901இல் இறந்தார். அதன்பின் அறுபது ஆண்டுகளாகக் கொன்சுவேலோ இருளில் காத்திருக்கிறார். கற்பனைக் கைம்பெண்ணையும் வரலாற்றுக் கைம்பெண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அயலாட்சியின் ஆவி ஒரு தலைமுறையோடு மடிவதில்லை என்பது புலனாகும்.

இனி, முன்னிலை நடையைப் பற்றிச் சிறிது கூறுவோம். 'அவன் கதவைத் தட்டினான்' என்றால் நாம் தொலைவில் நின்று பார்க்கிறோம். 'நீ கதவைத் தட்டுவாய்' என்றால் நம் கையே எழுகிறது. ஃபுவெண்டஸ் நிகழ்காலத்தோடு எதிர்காலத்தையும் மிகுதியாக ஆள்கிறார். குறவஞ்சியில் குறி சொல்பவள் பேசுவது போன்ற தொனி அதனால் அமைகிறது. பேசுபவர் யார் என்பது மட்டும் தெரியவில்லை. தன் வாழ்வைத் தான் சொல்லும் உரிமையையே இழந்தவனுக்கு இதனினும் பொருந்திய நடை வேறு யாது?

இந்நடையை ஆண்டவர் அவர் ஒருவரே அல்லர். பிரெஞ்சு எழுத்தாளர் மிஷேல் பூத்தோர் 1957இல், பாரிசிலிருந்து ரோம் நகருக்கு ரயிலில் செல்லும் ஒருவனின் கதையை 'நீங்கள்' என விளித்து எழுதினார். ழார்ழ் பெரெக் 1967இல், உலகிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும் மாணவன் ஒருவனை 'நீ' என விளித்து எழுதினார். ஸ்பானியத்திலும் பிரெஞ்சிலும், நம் தமிழில் உள்ளவாறே, நெருக்கத்திற்கு ஒரு சொல்லும் மரியாதைக்கு ஒரு சொல்லும் உண்டு. இன்றைய ஆங்கிலத்தின் ஒற்றைச் சொல்லால் அவ்வேறுபாட்டைக் காட்டுதல் அரிது; தமிழுக்கு அவ்விடர் இல்லை.

முன்னிலை நடை தமிழர்க்குப் புதிதும் அன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள் அல்லவா? பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்பட்ட வறிய கலைஞனை விளித்து, இவ்வழியே செல், இன்ன நிலத்தைக் காண்பாய், இன்னாரிடம் சேர்வாய் என்று ஆற்றுப்படுத்துகிறான். அங்கே 'நீ' என்னும் விளி வழியறியாதவனை வாழ்வில் சேர்க்கிறது. 'அவுரா'விலோ அதே விளி ஒருவனைத் தன்னிடமிருந்தே பிரித்துக் கொண்டுபோகிறது. ஒரே இலக்கணம் இரு திசைகளில் இயங்கும் வியப்பை இங்கே காண்கிறோம்.

ஆசிரியரின் இளமையும் நம் கருத்துக்கு உரியது. தூதுவப் பணியாளரின் மகனாக 1928இல் பனாமா நகரில் பிறந்த ஃபுவெண்டஸ், வாஷிங்டனில் ஆங்கிலப் பள்ளியில் படித்தார். தாய்மொழி மறந்துபோகாதிருக்க, கோடை விடுமுறைகளில் மெக்சிகோவில் பாட்டிமாரிடம் அனுப்பப்பட்டார். 1938 மார்ச் 18ஆம் நாள் மெக்சிகோ அரசு அயலார் வசமிருந்த எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமை ஆக்கியது. அதுவரை தோழராக இருந்த பள்ளிச் சிறுவர்கள் ஒரே நாளில் முகம் திருப்பிக்கொண்டனர். தாம் மெக்சிகோவினர் என்பதை அப்போதே உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் எழுதினார். ஆங்கிலத்தில் வல்லவராயினும் நாவல்களை ஸ்பானியத்திலேயே எழுதினார். 1987இல் செர்வாந்தெஸ் பரிசு பெற்று, 2012இல் மறைந்தார்.

அன்பர்களே! மொந்தேரோ தன்னை இழந்தது பிரெஞ்சு கற்றதனால் அன்று. பிறர் வீட்டில் பணி ஏற்றதனாலும் அன்று. தான் எழுத எண்ணிய நூலை மேசைமேல் அப்படியே விட்டுவிட்டான். அங்கேதான் அவன் அழிவு தொடங்கியது. நாமும் நல்ல ஊதியத்திற்காக இந்நகருக்கு வந்தோம். இம்மண்ணின் மொழியைக் கற்றோம், கற்கத்தான் வேண்டும். ஆயின், நம் பாட்டனார் எந்த ஊரில் எத்தொழில் செய்தார், நம் குடும்பம் எவ்வாண்டு எக்காரணத்தால் இங்கு வந்தது, முதலில் எத்தெருவில் குடியிருந்தது என்பவற்றை நம்முள் எத்தனை பேர் எழுதி வைத்துள்ளோம்?

சங்க அன்பர்கள் ஒவ்வொருவரும் அடுத்த ஆண்டு விழாவிற்குள் தம் குடும்ப வரலாற்றை நான்கு பக்கமேனும் தமிழில் எழுதிச் சங்க நூலகத்தில் சேர்க்க வேண்டுகிறோம். மூத்தோர் சொல்ல, பிள்ளைகள் தம் கைப்பட எழுதுதல் இன்னும் நன்று. பின்னொரு நாள் அப்பிள்ளைகளிடம் எவரேனும் ஊரைக் கேட்கும்போது, அவர்கள் நம் முகத்தைப் பார்க்க வேண்டியிராது.