பொலி என்னும் சொல்

மட்டக்களப்பு வயல்களிலே சூடு மிதிக்குங் காலத்தில், எருதுகளை வளைத்தோட்டும் உழவர் "பொலி, பொலி" என்று குரலெழுப்பிப் பாடுவது வழக்கமாயிருந்தது. அப்பாட்டுக்குப் பொலிப்பாட்டு என்றே பெயர். நெல் பெருகுக என்னும் வாழ்த்து அது. நேயர்களே, இச்சிறு சொல்லின் வரலாற்றை இன்று சற்றே நோக்குவோம்.

பொலிதல் என்றால் மிகுதல், செழித்தல். களத்திலே தூற்றிக் குவித்த நெல் பொலி எனப்பட்டது. ஆனிரையைப் பெருக்கும் விடை பொலிகாளை எனப்பட்டது. முகத்திலே நிறைந்து தோன்றும் அழகு பொலிவாயிற்று. வாழ்த்துவோர் "பொலிக" என்றனர். இவற்றுள் ஒன்றிலேனும் ஒருவருடைய பெருக்கம் மற்றொருவருக்குக் குறைவாகவில்லை.

சோழர் கல்வெட்டுக்களிலோ இதே சொல் வேறொரு துறையிற் புகுந்து நிற்கிறது. முதலாம் இராசராசன் காலத்தில், 1010ஆம் ஆண்டளவில் நிறைவெய்திய தஞ்சைப் பெருங்கோயிலின் கல்வெட்டுக்கள், கோயிற் பணம் ஊர்ச்சபைகளுக்குக் கடனாகக் கொடுக்கப்பட்டதைக் கூறுகின்றன. அதன் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். காசொன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்காற் காசு. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. சந்திரனும் சூரியனும் உள்ளளவும் அது செலுத்தப்படல் வேண்டும். அப்பொலிசையால் திருவமுது படைக்கப்பட்டது, விழாக்கள் நடைபெற்றன. நோக்கம் நன்றே.

ஆயினும் பொலி வேறு, பொலிசை வேறு. களத்துப் பொலி மழையையும் வெயிலையும் சார்ந்தது. மழை பொய்த்தால் குவியல் சிறுத்துவிடும். பொலிசை சிறுப்பதில்லை. விதைத்த நெல் தான் அழிந்து பலவாக எழுகிறது; கடனாகப் பெற்ற முதலோ அழிவதேயில்லை. ஆண்டுக்கு அரைக்கால் வீதம் எட்டு ஆண்டுகள் செலுத்தினால், முதலுக்கு ஈடான காசு பொலிசையாகவே போய்விடும். முதல் அப்படியே நிற்கும். ஒன்பதாம் ஆண்டிலும் அரைக்கால் கொடுத்தேயாக வேண்டும். காசு தானாகக் குட்டி போடுவதில்லை. நெல்லை விளைவித்த கைகளே காசையும் விளைவித்தன. களத்திலே பொலி பாடியவனும், அக்குவியலிலிருந்து பொலிசையை அளந்தவனும் ஒரே உழவர் குடியினனே.

காலப்போக்கில் தமிழர் பொலிசை என்னும் சொல்லைக் கைவிட்டு, வட்டி என்பதையே வழக்கிற் கொண்டனர். நம் நாட்டிலோ அது முற்றாக மறையவில்லை. சிங்கள மொழியில் வட்டியைக் குறிக்கும் சொல் இன்றும் பொலி என்பதே. அது தமிழிலிருந்து சென்றதென்பர் அறிஞர். நாம் மறந்த சொல்லை அயல்வீட்டார் போற்றி வைத்திருக்கின்றனர். ஆனால் அவர்களிடம் அது கடனின் பெயராகவே வாழ்கிறது.

பெருக்கம் என்னும் சொல் செவிக்கு இனியது. நாட்டின் பெருக்கம், வருவாயின் பெருக்கம் என்று நாள்தோறும் கேட்கின்றோம். கேட்கும்பொழுது ஒரு வினாவை நம்முள் எழுப்புதல் நன்று: இது களத்திலே குவியும் பொலியா, கணக்கேட்டிலே ஏறும் பொலிசையா? முன்னதாயின் ஊரே கூடிப் பாடலாம். பின்னதாயின், அதனை யார் அளந்து கொடுக்கின்றார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.