குருதி சென்ற வழி

புலம்பெயர்ந்த நாடொன்றின் வைத்தியசாலையில் எம் மூதாட்டி ஒருவர், "காலிலே நரம்பு புடைச்சு நோகுது" என்கிறார். அருகில் நின்று மொழிபெயர்க்கும் பேரப்பிள்ளை, உணர்வைக் கடத்தும் நரம்புக்கு அந்நாட்டவர் வழங்கும் சொல்லை எடுத்துக் கொடுக்கிறது. வைத்தியரும் இல்லாத நோயொன்றைத் தேடத் தொடங்கிவிடுகிறார். இக்காட்சியை நாம் ஒரு தடவையல்ல, பல தடவை கண்டிருக்கிறோம். எமது பேச்சு வழக்கில் உணர்வைக் கடத்தும் இழையும் நரம்பு. குருதி ஓடும் குழாயும் நரம்பு.

சொல் இல்லாத குறையன்று இது. மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் தம் மாணவருக்குத் தமிழிலேயே பாடம் நடத்தினார். மனித உடலமைப்பை விளக்கும் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெருநூல் அவர் முயற்சியால் 1872இல் தமிழில் வெளிவந்தது. இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்வது நாடி, இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது நாளம், இவ்விரண்டையும் இணைப்பது மயிர்க்குழாய் என்று எமது பாடசாலைகளில் நாமும் படித்தோம். மூன்று சொற்களுக்குள் அடங்கும் இப்பாடத்தைக் கண்டறிய மனிதகுலத்துக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தேவைப்பட்டன.

முற்காலக் கிரேக்கரில் பலர் நாடியைக் காற்றுக் குழாய் என்றே எண்ணினர். இறந்தவர் உடலை அறுத்துப் பார்க்கையில் நாடிகள் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடந்தமையே காரணம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கலென் என்னும் வைத்தியர், உயிருள்ள விலங்கின் நாடியை இரண்டு இடங்களிற் கட்டி, நடுவே வெட்டி, உள்ளே இருப்பது குருதியே எனக் காட்டினார். அதே கலென்தான் பெரும் பிழையொன்றையும் விட்டுச் சென்றார். ஈரலிலே உண்டாகும் குருதி உடலெங்கும் சென்று செலவாகி முடிகிறது என்றும், அதில் ஒரு பகுதி இதயத்தின் நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளினூடாக வலப்புறமிருந்து இடப்புறம் கசிகிறது என்றும் அவர் எழுதினார். ஐரோப்பா இதனை ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் வேதவாக்காகக் கொண்டது.

அச்சுவரில் துளையே இல்லை என்று முதலில் எழுதியவர் டமாஸ்கஸிற் கற்று, கெய்ரோவிற் பணியாற்றிய இபுனு அல் நபீஸ். குருதி வலது இதயவறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று, அங்கே காற்றோடு கலந்த பின்னரே இடப்புறம் வந்து சேர்கிறது என்று 13ஆம் நூற்றாண்டிலேயே அவர் தெளிவாகச் சொன்னார். ஆயினும், ஜேர்மனியிற் படித்துக்கொண்டிருந்த எகிப்திய மாணவர் அல் தத்தாவி, 1924இல் பெர்லின் நூலகத்தில் அக்கையெழுத்துப் பிரதியைக் கண்டெடுத்த பின்னரே இக்காலத்து அறிஞர் உலகம் அதனை அறிந்தது. பிறநாட்டு நூலகமொன்றில் தம்மவரின் அறிவை அம்மாணவர் கண்டெடுத்த அந்தக் கணத்தை எண்ணிப் பார்க்கிறோம்.

அதே வழியை ஐரோப்பாவில் எழுதியவர் ஸ்பானியரான மிகுவேல் செர்வேற்றஸ். சமயக் கருத்துக்காகத் தேடப்பட்ட அவர், பெயரை மாற்றிக்கொண்டு பிரான்சின் வியென் நகரில் வைத்தியராய் வாழ்ந்தார். 1553இல் பிடிபட்டு, சிறையிலிருந்து தப்பி ஜெனீவா வந்தபோது அங்கும் அடையாளம் காணப்பட்டார். அவ்வாண்டு ஒக்டோபர் 27இல் அவரை உயிரோடு எரித்தார்கள். அவர் நூலும் எரிந்தது; இன்று எஞ்சியிருப்பவை மூன்று பிரதிகள் மட்டுமே. 1981க்குப் பின் யாழ்ப்பாணத்தவருக்கு நூல் எரிவதன் பொருளை நாம் விளக்கத் தேவையில்லை.

குருதி சுற்றி வருகிறது என்பதை நிறுவியவர் ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி. இத்தாலியின் பாதுவாவில் அவர் படித்தபோது, நாளங்களுக்குள் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் இருப்பதை அவரது ஆசிரியர் பப்ரீசியஸ் காட்டியிருந்தார். அக்கதவுகள் ஏன் இதயத்தை நோக்கி மட்டும் திறக்கின்றன என்பதே ஹார்வியைக் குடைந்த கேள்வி. 1628இல் பிராங்பேர்ட்டில் அச்சான அவரது நூலில் உள்ள சோதனையை வாசகர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மேற்கையைத் துணியினாற் சற்று இறுக்கிக் கட்டினால் முன்கையின் நாளங்கள் புடைக்கும். ஒரு நாளத்தை விரலால் அழுத்தி, மற்ற விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக அடுத்த முடிச்சைத் தாண்டித் தடவுங்கள். இடைப்பட்ட பகுதி வெறுமையாகும். மேலிருந்து குருதி திரும்பி வராது. அழுத்திய விரலை எடுத்ததும் கீழிருந்து நிரம்பும். (பார்த்தவுடன் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.)

அடுத்து அவர் கணக்குப் போட்டார். ஒரு துடிப்புக்கு அரை அவுன்சு என்று வைத்தாலும், அரை மணி நேரத்தில் 1,000 துடிப்புகளுக்கு 500 அவுன்சு. உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு குருதி உண்டாக முடியாது. ஆகவே அதே குருதிதான் திரும்பி வருகிறது. அவர் வேண்டுமென்றே குறைத்துப் போட்ட கணக்கு அது. ஓய்வாக இருக்கும் இதயம் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 5 லீற்றரை வெளியேற்றுகிறது. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள குருதி முழுவதும் ஏறத்தாழ அவ்வளவே.

இந்த வேலைப் பிரிவே குழாய்களின் அமைப்பையும் தீர்மானிக்கிறது. இதயத்தின் உந்தலைத் தாங்கும் நாடியின் சுவர் தடித்தது, மீள்தன்மை உள்ளது. நாடி வெட்டுண்டால் செந்நிறக் குருதி துடிப்புக்குத் துடிப்பு பீறிடுவதை எம்மவரிற் பலர் கண்ணாற் கண்டவர்கள். நாளத்தின் சுவர் மெல்லியது. அதிலிருந்து கருஞ்சிவப்பாய்ச் சீராக வழியும். காலிலுள்ள குருதியை மேலேற்றுவதற்குக் கெண்டைத் தசையின் பிழிவும் அந்த வால்வுகளும் துணை செய்கின்றன. உணவகச் சமையலறையிலும் தொழிற்சாலையிலும் நாளெல்லாம் ஓரிடத்தில் நிற்பவருக்கு அத்தசை வேலை செய்வதில்லை. வால்வுகள் தளர்ந்தால் நாளம் புடைத்து நெளிகிறது. எம் மூதாட்டி 'நரம்பு' என்றது இதனைத்தான்.

ஹார்வி காணாதது ஒன்று உண்டு. நாடியிலிருந்து நாளத்துக்குக் குருதி எவ்வழியாற் போகிறது? நுண்ணிய வழி இருக்கவேண்டும் என்று எழுதினாரேயன்றி அவர் அதைக் காணவில்லை. 1642இல், உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், அவர் இருப்பிடம் சூறையாடப்பட்டு ஆய்வுக் குறிப்புகளும் பறிபோயின. தம் இழப்புகளில் அதுவே மிகக் கொடியது என்று முதுமையில் அவர் வருந்தி எழுதினார். 1657இல் காலமானார்.

நான்கு ஆண்டுகளின் பின், 1661இல், இத்தாலியரான மல்பீகி தவளையின் நுரையீரலை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தார். நாடியின் நுனிகளும் நாளத்தின் நுனிகளும் வலைபோல் இணைந்திருப்பதைக் கண்டார். அந்த மயிர்க்குழாய்களின் சுவர் ஒரே ஒரு கலத்தின் தடிப்பே கொண்டது. செங்குழியங்கள் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகவே அவற்றினூடு செல்கின்றன. ஒட்சிசன் உடலிழையத்துக்குக் கைமாறுவதும் கழிவு திரும்ப ஏறுவதும் பெரும்பாலும் இங்கேதான். நாடியும் நாளமும் இவ்விடத்துக்கு வந்து போகும் பாதைகள்.

1684இல் மல்பீகியின் வீடும் தீப்பிடித்தது. கருவிகளும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. தவளையின் நுரையீரலைப் பற்றி அவர் எழுதிய இரண்டு கடிதங்கள் மட்டும் 23 ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறி, ஊர் கடந்து போயிருந்தன.