ஆஸ்கார் மீன்: இரையின் அளவும் வேளையும்

ஆஸ்கார், தென் அமெரிக்காவின் அமேசான் படுகையைச் சேர்ந்த சிக்லிட் குடும்ப மீன். தொட்டியில் 30 செ.மீ. வரை வளரும். விரல் நீளக் குஞ்சுக்கு நாளுக்கு இரண்டு மூன்று வேளை கொஞ்சம் கொஞ்சமாக இரை வேண்டும். வளர்ந்ததற்கு ஒரு வேளை தாராளம். வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் கெடுதல் இல்லை. ஓரிரு நிமிடத்தில் தின்று தீர்ப்பதே அளவு. ஆள் தெரிந்தாலே கண்ணாடியோரம் வந்து வாயைப் பிளந்து உடம்பை நெளிக்கும். அதைப் பசி என்று நம்பிவிடக் கூடாது. மிஞ்சிய இரை அழுகி அம்மோனியாவாகும். தண்ணீர் தெளிவாகத் தெரியும்போதே செவுள் புண்ணாகிவிடும்.

மிதக்கும் குருணைத் தீவனமே அன்றாட உணவு. ஓடு நீக்கிய இறால், மண்புழு, வெட்டுக்கிளி ஆகியவற்றை இடையிடையே தரலாம். உயிருள்ள தங்கமீனைப் போட்டு வேடிக்கை பார்ப்பது பலருக்கும் பிடித்த, ஆனால் தேவையற்ற பழக்கம்: அதிலுள்ள தயாமினேஸ் நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும், ஒட்டுண்ணிகளும் கூடவே வரும். மாட்டிறைச்சி, கோழிக் கொழுப்பு மீனின் ஈரலில் படியும். பூச்சிமருந்து அடித்த வயலில் பிடித்த வெட்டுக்கிளியும் ஆகாது.