வரைபடம் இல்லாத மரக்கலம்

இரணியல் கடற்கரை ஊரன்று. குளச்சல் துறை அங்கிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் இருப்பினும், ஊரினுள் நிற்பவன் காண்பது தென்னந்தோப்பும் வாழையும் குளமுமே. ஆயினும் வேணாட்டு மன்னர் அரண்மனை கொண்டிருந்த இவ்வூரின் வரலாற்றைக் கடலினின்று பிரித்து எழுத இயலாது. நெடுங்காலம் சிதைந்து கிடந்த அவ்வரண்மனையைச் சேரமான் பெருமாளின் பெயரோடு இணைத்துச் சொல்வது மக்கள் வழக்கு. பெருமாள் ஒருவர் மரக்கலமேறி அரபு நாடு சென்றார் என்னும் மரபுச் செய்தி நம் வாசகர் அறியாததன்று. அதன் மெய்ம்மை குறித்து அறிஞர் பலவாறு வாதிடுவர். அவ்வாதத்தில் நாம் ஈண்டு இறங்கவில்லை. நம் வினா வேறு. அவ்வாறு ஒருவர் இக்கரையிலிருந்து புறப்பட்டிருந்தால், அவர் ஏறிய கலம் எப்படியிருந்திருக்கும்? அதனை ஒரு சாண் அளவில் செய்து மேசைமீது வைக்க நம்மால் இயலுமா?

பிற நாட்டுக் கலமாயின் இயலும். கப்பலின் உறுப்புகளை மரத்தில் அறுத்துப் பெட்டியில் அடுக்கி விற்பது இத்தாலி, ஸ்பெயின், டென்மார்க் முதலிய நாடுகளில் ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. நெல்சனின் விக்டரி இவற்றுள் பெயர் பெற்றது. 1765இல் கடலில் இறக்கப்பட்ட அக்கப்பலின் பீரங்கித் தளம் 186 அடி நீளம். எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கினால் அது ஏறத்தாழ இரண்டரை அடியாகிறது. பெட்டியைத் திறந்தால் நீளவாட்டில் முதுகெலும்பாக ஒரு ஒட்டுப்பலகை. அதில் வெட்டிய பள்ளங்களில் குறுக்கே பொருத்த விலாத் தட்டுகள். அவற்றின்மேல் போர்த்த ஓரிரு மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய மரச் சட்டங்கள். சட்டத்தை நீரில் ஊறவைத்துச் சூடு காட்டி வளைத்து, அணியத்திலிருந்து அமரம் வரை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அணியம் கலத்தின் முன்புறம்; அமரம் பின்புறம். முதல் போர்வை கோணல்மாணலாக அமையும். அதனை உப்புத்தாள் கொண்டு தேய்த்து, அதன்மேல் நயமான மரத்தால் இரண்டாம் போர்வை இடுவர். பின்னர் பாய்மரம், பருமல், நூற்கயிறு. மாதக்கணக்கில் பொறுமை வேண்டும் வேலை இது. இதனை விளையாட்டு என்று இகழ்வோருடன் நாம் உடன்படுவதில்லை. ஒரு கயிற்றை எங்கே கட்டுவது என்று தேடும்போதுதான் அக்கயிறு எதற்காக இருந்தது என்பது விளங்குகிறது. நூல்கள் பல படித்தும் விளங்காத செய்தி அது.

ஆனால் அப்பெட்டியினுள் மரத்தினும் விலையுயர்ந்த பொருளொன்று உள்ளது. அது வரைபடம். இங்கிலாந்தின் கடற்படை தன் கப்பல்களின் வரைபடங்களைப் பேணி வைத்தது. ஒரு நிகழ்ச்சி இதனைக் காட்டும். நம் திருக்கோணமலையின் பெயரைத் தாங்கிய டிரிங்கோமலி என்னும் போர்க்கப்பலைப் பம்பாயில் கட்டுவதென முடிவாயிற்று. அதன் வரைபடங்கள் ஜாவா என்னும் கப்பலில் அனுப்பப்பட்டன. 1812 டிசம்பரில் அக்கப்பலை அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிட்யூஷன் தாக்கி அழித்தது; வரைபடங்களும் அதனோடு போயின. பெரும் இழப்பாயினும் வழி இருந்தது: மற்றொரு படியை அனுப்பினர். பார்சி மரபினரான வாடியா குடும்பத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜி தேக்கு மரத்தில் அதனைக் கட்டி 1817இல் கடலில் இறக்கினார். இன்றும் அது இங்கிலாந்தில் ஹார்டில்பூல் நகரில் நிற்கிறது. நம் கரையில் கலம் கட்டிய ஓடாவி ஒருவர் மறைந்தால் மற்றொரு படியை எவரிடம் கேட்பது?

ஈண்டு வாசகர் ஒரு முடிவுக்கு வரக்கூடும்: மேலை நாட்டார் கணக்கிட்டு வரைந்து கட்டினர், நம்மவர் கண்ணளவில் கட்டினர், ஆகவே அவர்கள் கலம் நின்றது, நம் கலம் மறைந்தது என்று. பலரும் இவ்வாறே எழுதி வருகின்றனர். இது தவறு. தவறென்பதற்குச் சான்று குளச்சலுக்கு வந்த பகைவரிடமே கிடைக்கிறது.

1741இல் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கிற்று. குளச்சலுக்கும் கோட்டாற்றுக்கும் இடைப்பட்ட நாடு அதன் கைப்பட்டது. இரணியல் அவ்விடைவழியில் உள்ள ஊர். அதே ஆண்டு ஆகஸ்டில் மார்த்தாண்ட வர்மாவின் படை அவர்களை முறியடித்ததும், சிறைப்பட்ட டிலனாய் பின்னர் அவ்வரசனுக்கே படைத்தலைவராகி 1777இல் மறைந்து உதயகிரிக் கோட்டையில் அடங்கியதும் யாவரும் அறிந்தவை. வண்டிகளில் பனந்தடிகளை ஏற்றிப் பீரங்கியெனக் காட்டி எதிரியை மருட்டினர் என்றும் செவிவழிக் கதையொன்று உண்டு. மரத்தால் செய்த போலிப் பீரங்கி! உருமாதிரிக் கலைக்கு இதனினும் சிறந்த பயன் இராது.

இந்த டச்சுக்காரரின் முன்னோர் பதினேழாம் நூற்றாண்டில் வரைபடம் இன்றியே பெருங்கப்பல்களைக் கட்டினர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். நீளம், அகலம், உயரம் இவற்றைக் குறித்த ஒப்பந்தச் சீட்டு இருக்கும். எஞ்சியவை தச்சரின் கண்ணிலும் கையிலும் இருந்தன. முதலில் விலா எலும்பு நிறுத்திப் பின் பலகை போர்த்தவில்லை அவர்கள். அடிப்பலகைகளையே முதலில் வளைத்து இணைத்து, வடிவம் வந்தபின் உள்ளே விலாக்களைப் பொருத்தினர். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயத் தச்சரை வரவழைத்த பின்னரே ஆம்ஸ்டர்டாமில் வரைபட முறை வேரூன்றியது.

அவ்வாறாயின் அவர்களுடைய பழங்கலங்களை இன்று எவ்வாறு செய்கின்றனர்? நிக்கொலாஸ் விட்சன் என்பார் 1671இலும், கார்னெலிஸ் வான் எய்க் என்பார் 1697இலும் கப்பல் கட்டும் முறையை நூலாக எழுதி வைத்தனர். பலகையின் பெயர், ஆணியின் அளவு, எது முதல் எது பின் என்பன எல்லாம் ஏறின. 1629இல் ஆஸ்திரேலியக் கரையில் உடைந்த படாவியா என்னும் கப்பலை, வில்லெம் வோஸ் என்னும் தச்சர் 1985இல் தொடங்கி முழு அளவில் மீண்டும் கட்டி 1995இல் நீரில் இறக்கினார். அவருக்கும் மூல வரைபடம் கிடைக்கவில்லை. இத்தகைய எழுத்துகளும் கடலடியில் கிடந்த உடைமரமுமே துணை நின்றன. ஆகவே வேறுபாடு கணக்கில் இல்லை. தச்சரின் அருகில் அமர்ந்து எழுதிக்கொண்டவர் ஒருவர் இருந்தாரா என்பதில் உள்ளது.

நம்மிடம் ஒன்றுமே எழுதப்படவில்லை எனல் நன்றி மறந்த பேச்சாகும். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் 1950இல் 'கப்பல் சாத்திரம்' என்னும் சுவடியை அச்சிட்டது. கலத்தின் அளவுப் பொருத்தத்தையும் அவ்வளவுகளுக்குரிய பலாபலன்களையும் அது பேசுகிறது. எனினும் அதனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பலகையைக்கூட வளைக்க இயலாது என்றே நாம் கருதுகிறோம். அது ஓடாவிக்கு நினைவூட்டும் நூலேயன்றி, ஓடாவியை உருவாக்கும் நூலன்று. சோழமண்டலக் கரையின் தோணியையும் கட்டுமரத்தையும் அளந்து வரைந்தவர் எட்மண்ட் பாரி என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. 1840களின் தொடக்கத்தில் அவர் நூல் வெளிவந்தது. பின்னாளில் பாரிஸ் நகரக் கடற்படை அருங்காட்சியகத்தின் காப்பாளராக அமர்ந்து, தம் வரைபடங்களைக் கொண்டு சிறு கலங்களைச் செய்வித்தார். நம் கலங்களின் உருவைக் காணப் பாரிஸ் செல்ல வேண்டியிருக்கிறது! சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920இல் எழுதிய ஆய்வும் இவ்வகையில் மதிக்கத்தக்கது.

சேரமான் கலத்துக்கு வருவோம். அக்காலத்து மேலைக்கடல் கலங்கள் ஆணியால் அறையப்பட்டவை அல்ல, கயிற்றால் தைக்கப்பட்டவை. பத்தாம் நூற்றாண்டினரான அபூ ஸைத் அஸ்ஸீராஃபீ, உமான் நாட்டார் தென்னை மிகுந்த தீவுகளுக்குச் சென்று, தென்னையின் மரத்தாலேயே கலம் கட்டி, அதன் நாரால் தைத்து, அதன் காய்களையே ஏற்றித் திரும்பியதைக் குறித்திருக்கிறார். தைத்த கலம் பாறையில் மோதினும் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணியடித்தது பிளந்துவிடும் என்று இப்னு பதூதா காரணமும் சொல்கிறார். இக்கடல் வாழ்வின் தடம் நம் பேச்சில் இன்றும் உள்ளது. மாலுமி என்பது முஅல்லிம், சுக்கான் அரபியே, நங்கூரம் பாரசீகத்து லங்கர். அதற்கு ஈடாகக் கயிறும் கட்டுமரமும் இங்கிருந்து புறப்பட்டு ஆங்கில அகராதியில் ஏறின. மரக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு இணைத்துப் பொருள் கூறுவாரும் உளர். நாகூர்க் கந்தூரியின் கொடி ஊர்வலம் நாகையிலிருந்து புறப்படும்போது அதில் கப்பல் வடிவ ஊர்திகள் செல்வதைக் காணாதார் சிலரே. சொல்லும் விழாவும் கலத்தை நினைவில் வைத்துள்ளன. பலகை எவ்வாறு பொருந்தியது என்பதை அவை சொல்லா.

அதனைச் செய்து பார்த்தே அறிய வேண்டியிருந்தது. டிம் செவரின் என்பார் மலபார் மரத்தையும் தென்னங்கயிற்றையும் கொண்டு உமானில் ஸொஹார் என்னும் கலத்தைத் தைப்பித்து, 1980 நவம்பரில் மஸ்கட்டிலிருந்து புறப்பட்டு 1981 சூலையில் சீனத்துக் காண்டனை அடைந்தார். நம் நாட்டில் அஜந்தா ஓவியத்தில் கண்ட கலமொன்றை அடிப்படையாகக் கொண்டு, கேரளத் தச்சர் பாபு சங்கரன் தலைமையில் ஒரு கலம் தைக்கப்பெற்றது. கௌண்டின்யா என்று பெயர் பெற்ற அக்கலம் 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. வரைபடம் இல்லாமையால் அதன் சிறு உருவைச் செய்து சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தின் கடற்பொறியியல் துறை நீரில் ஓட்டிச் சோதித்தது. சிறு உரு விளையாட்டன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

ஒன்று குறிக்கத்தக்கது. தைக்கும் கலத்திலும் பலகையே முதல், விலா பின். பழைய டச்சுத் தச்சரும் அவ்வாறே. ஆனால் கடையில் கிடைக்கும் பெட்டியோ விலாவிலிருந்தே தொடங்குகிறது. படாவியாவின் பெட்டியும் அப்படித்தான். செய்பவனுக்கு எளிது என்பதால் கொண்ட முறை அது. அதனைச் செய்து முடித்த சிறுவன் கப்பலின் தோற்றத்தை அறிவான். கட்டிய முறையைத் தலைகீழாகவே கற்றிருப்பான்.

எனவே இரணியலிலோ தக்கலையிலோ ஒரு பள்ளி இவ்வேலையைத் தொடங்க எண்ணினால், வெளிநாட்டுப் பெட்டிக்குப் பணம் அனுப்ப வேண்டாம் என்போம். திருவிதாங்கூர்க் கரையில் கரமடி இழுக்கப் பயன்பட்ட தைத்த வள்ளமே போதும். அயினிப் பலகை ஒரு முழம், துளையிட ஊசி, தென்னை நாரில் முறுக்கிய மெல்லிய கயிறு, துளையடைக்கச் சிறிது பஞ்சும் பிசினும். விலையுயர்ந்தது எதுவுமில்லை. ஆனால் முதலில் குறிப்பேடும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு கடற்கரைக்குச் செல்ல வேண்டும். தைத்த வள்ளத்தைக் கட்டிய, அல்லது கட்டக் கண்ட முதியவரிடம் ஏரா என்பது எது, எந்தப் பலகை முதலில், துளைக்குத் துளை எத்தனை விரல், கயிற்றை உள்ளிருந்து இழுப்பதா வெளியிலிருந்தா என்று கேட்டு, அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.