லாஃப்ட்டில் ஒரு வீடு

போன மாதம் புரோக்கர் ஒருவர் வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினார். மும்பை லோயர் பரேலில் 'லாஃப்ட்' பாணி ஃப்ளாட் விற்பனைக்கு. இருபதடி உயரக் கூரை, உள்ளேயே படி வைத்து மேலே ஒரு பாதித் தளம், பூசாத செங்கல் சுவர். ஆபீஸ், கடை, ரயில் நிலையம் எல்லாம் நடக்கிற தூரம். தங்கமணியிடம் காட்டினேன்.

"ஏங்க, லாஃப்ட்டுன்னா நம்ம கொலு பொம்மைப் பெட்டியை ஏத்தி வைப்போமே, அந்தப் பரண்தானே? அதுக்கா இத்தனை கோடி?"

நியாயமான கேள்வி. பதில் தேடப் போய்க் கொஞ்சம் சரித்திரத்தில் இறங்கிவிட்டேன். நீங்களும் கூட வாங்க.

முதலில் நியூயார்க். அங்கே சோஹோ என்று ஒரு பேட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்புத் தூண்களும் பெரிய பெரிய ஜன்னல்களுமாகக் கட்டிய துணிக் கிடங்குகள், சின்னத் தொழிற்சாலைகள். மின்விளக்கு வராத காலம், அதனால்தான் அவ்வளவு பெரிய ஜன்னல். அந்தத் திறந்த மாடிகளுக்குப் பெயர் லாஃப்ட். தொழில்கள் நசிந்து காலியானதும், ஓவியர்களும் சிற்பிகளும் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். குடியிருக்கச் சட்டப்படி அனுமதி கிடையாது. தீப்பிடித்தால் உள்ளே ஆள் இருப்பது தீயணைப்புக்காரர்களுக்குத் தெரியவேண்டும் என்று 1961 முதல் வாசலில் ஒரு அறிவிப்புப் பலகை மாட்ட வைத்தார்கள். அந்தப் பேட்டையை இடித்து விரைவுச் சாலை போடும் திட்டம் பெரும் எதிர்ப்புக்குப் பின் 1969-ல் கைவிடப்பட்டது. 1971-ல் கலைஞர்கள் அங்கே வசிக்க அனுமதி வந்தது. 1982-ல் 'லாஃப்ட் சட்டம்' வந்தது. அனுமதியில்லாமல் வீடாக மாறிப்போன தொழிற்சாலைக் கட்டடங்களில் குடியிருந்தவர்களைச் சும்மா துரத்த முடியாது, கட்டடத்தைப் பாதுகாப்பாக்குவது உரிமையாளர் பொறுப்பு என்றது சட்டம். பிறகு பணக்காரர்கள் வந்தார்கள், விலை எகிறியது, கலைஞர்களில் பலர் வெளியேறினார்கள். அவர்களுக்கும் முன்னால் அங்கே துணி தைத்த தொழிலாளிகளை யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

அந்த 1982-ஐ ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மும்பைக்கு வருவோம்.

1854-ல் காவஸ்ஜி நானாபாய் தாவர் தார்தேவில் தொடங்கியதுதான் இந்த ஊரின் முதல் பஞ்சாலை நிறுவனம். அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) சமயத்தில் பிரிட்டனுக்கு அமெரிக்கப் பருத்தி போவது தடைபட, பம்பாய் வியாபாரிகளிடம் பணம் கொட்டியது. அடுத்த பத்தாண்டுகளில் பரேல், லால்பாக், வொர்லி எங்கும் புகைபோக்கிகள். அந்த வட்டாரத்துக்கே 'கிரண்காவ்', அதாவது மில் கிராமம் என்று பெயர் வந்தது. கொங்கணிலிருந்தும் சதாரா பக்கமிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அவர்களுக்கும் எல்லாம் நடக்கிற தூரம்தான். விடிகாலையில் மில்லின் 'போங்கா' ஊதும். அது காதில் விழுந்ததும் கிளம்பி நேரத்துக்குள் கேட்டில் நிற்கவேண்டும். அதனால் மில்லைச் சுற்றியே சால்கள். ஒரே அறையில் பத்துப் பதினைந்து ஆண்கள். ஒரு ஷிப்ட் தூங்கி எழுந்த பாயில் அடுத்த ஷிப்ட் படுக்கும். சாப்பாடு 'கானாவள்' பெண்களிடம், மாதக் கணக்கில். இந்தப் பெண்களைத் திரட்டித்தான் 1975-ல் பிரேமா புராவ் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' தொடங்கினார். அறைக்குள் பலகை போட்டு உயரத்தில் ஒரு தட்டு அமைப்பார்கள், 'போட்மாளா' என்று பெயர். மேலே இருவர் தூங்கலாம். யோசித்துப் பார்த்தால் இந்த ஊரின் அசல் லாஃப்ட் அதுதான் :-)

1982 ஜனவரி 18. தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது ஒரு வருடத்துக்கும் மேல் நீண்டது. முறைப்படி வாபஸே ஆகவில்லை, அப்படியே கரைந்துபோனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குத் திரும்பவே இல்லை. மில்கள் ஏற்கெனவே பழைய இயந்திரங்களோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. விசைத்தறிகள் வேலையைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. நெய்த துணியைவிட நின்ற நிலம் விலையேறிப் போனது. அந்த ஒரே வருடத்தில் நியூயார்க்கில் தொழிற்சாலைக்குள் குடியிருந்தவருக்குக் காப்பு கிடைத்தது. இங்கே தொழிற்சாலைக்குள் உழைத்தவர் தெருவுக்கு வந்தார்.

1991-ல் ஒரு நல்ல விதி வந்தது. மில் நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றினால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பூங்கா, மைதானத்துக்கு; ஒரு பங்கு அரசு வீட்டுவசதிக்கு; மீதிதான் உரிமையாளருக்கு. 2001-ல் அதைத் திருத்தினார்கள். பங்கு பிரிப்பது கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும் என்றானது. மில் என்றாலே நிலமெல்லாம் கட்டடம்தானே! பூங்காவும் ஏழை வீடும் சுருங்கிவிட்டன. வழக்கு நடந்தது, 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. அதற்கு முந்தைய வருடமே மும்பை டெக்ஸ்டைல் மில்லின் நிலம் 702 கோடிக்கு ஏலம் போயிருந்தது. தொழிலாளர்களுக்கான வீட்டுக் குலுக்கல் 2012-ல் நடந்தபோது கிடைத்தவை ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான வீடுகள். மனுப் போட்டவர்கள் லட்சத்துக்கும் மேல்.

சரி, வீட்டைப் பார்க்கப் போனேன். ஒரு பழைய புகைபோக்கியை மட்டும் அலங்காரமாக விட்டுவிட்டு மீதியெல்லாம் புதுசு. செங்கல் சுவரை விரலால் தட்டினேன். செங்கல் இல்லை, செங்கல் மாதிரி ஒட்டிய ஓடு. "மில் ஃபீல் வரும் சார்" என்றார் புரோக்கர்.

வெளியே வந்து ஒரு டபரியில் கட்டிங் சாயா வாங்கினேன். கடைக்கார காகாவுக்கு எழுபது இருக்கும். இதே மில்லில் தறி ஓட்டியவராம், 1982 வரை. "ஃப்ளாட் பார்க்க வந்தீங்களா சாஹேப்? எவ்வளவு சொல்றாங்க?" என்றார். எனக்கு என்னவோ கூச்சமாகிவிட்டது. பாதி விலையைச் சொன்னேன். அதற்கே அவர் கையிலிருந்த கெட்டில் அந்தரத்தில் நின்றது. குலுக்கலுக்கு அவரும் மனுப் போட்டிருக்கிறார், பெயர் வரவில்லை. "உள்ளே எப்படி இருக்கு? எங்க தறிக் கூடத்துல வெளிச்சம் வடக்கே இருந்து வரும். வெயில் படாது, நூல் தெளிவா தெரியும்" என்றார். குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே ஒரு கொசுவர்த்தி சுத்திக்கொள்கிறேன். எங்கள் தாத்தா சென்னை பெரம்பூர் பின்னி மில்லில் (பி அண்ட் சி என்பார்களே) வேலை பார்த்தவர். 1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் பிறந்தது அந்த மில் தொழிலாளர்களால்தான். அங்கே போங்கா கிடையாது, 'சங்கு'. சங்கு ஊதினால் பாட்டி உலை வைப்பாள். 1996-ல் மில்லுக்கே சங்கு ஊதியாயிற்று. இப்போது அங்கேயும் அடுக்குமாடிகள். காகா பேசும்போது எனக்குத் தாத்தா குரல் கேட்டது.

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. நான் பத்து வருடமாக வேலை பார்க்கும் ஆபீஸும் மில் நிலத்தில்தான் நிற்கிறது. மில் போன இடத்தில் வந்த வேலைகளால்தான் என்னைப் போன்றவர்கள் இந்த ஊரில் பிழைக்கிறோம். ஆனால் 2017 செப்டம்பர் 29-ல் எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைபாலத்தில் நெரிசலில் 23 பேர் செத்தார்களே (2018 முதல் அதற்குப் பிரபாதேவி என்று பெயர்), அவர்களும் நடக்கிற தூரத்தில் இருந்தவர்கள்தான். கோபுரங்கள் கட்டியவர்களுக்கு, நடக்கிறவர்களுக்குப் பாலம் வேண்டும் என்று தோன்றவில்லை.

வீடு வாங்கவில்லை. கொள்கை பாதி, ஈஎம்ஐ மீதி. தங்கமணி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "நம்ம பரணே போதும். பொம்மையாவது பத்திரமா இருக்கும்."

அடுத்த நாள் அந்த டபரிக்குப் போய் காகாவிடம் நிஜ விலையைச் சொன்னேன். சிரித்தார். "நேத்தே தெரியும் சாஹேப். இங்கே விலை தெரியாதவன் யாரு?" என்று இன்னொரு கட்டிங் ஊற்றினார். காசு வாங்கவில்லை.